அறிவியல் மையத்தால் ஊருக்கு என்ன பயன்? படிப்படியாக அளந்து பார்க்கலாம்

அறிவியல் மையம் எதுவானாலும் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் ஒரு எண் இருக்கும்: இந்த ஆண்டு இத்தனை பேர் வந்தார்கள். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் வந்தவர்கள் எதைத் தெரிந்துகொண்டு போனார்கள், அதனால் ஊரில் ஏதாவது மாறியதா என்பதற்கு டிக்கெட் கணக்கில் பதில் கிடைக்காது. பள்ளிப் பேருந்தில் வந்து இருபது நிமிடம் ஓடிவிட்டுப் போன குழந்தையும், ஒரே காட்சிப்பொருள் முன்னால் ஒரு மணி நேரம் நின்ற குழந்தையும் அதில் ஒன்றுதான்.

இதை அளக்க வழி உண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கலிஃபோர்னியா சயின்ஸ் சென்டரை ஜான் ஃபால்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். எனக்குத் தெரிந்தவரை இந்த வேலையைக் கற்றுக்கொள்ள அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அதையே வைத்துக்கொண்டு போவோம். புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

படி 1: எந்த மாற்றம் என்று எழுதுங்கள்

“அறிவியல் ஆர்வத்தை வளர்த்தோம்” என்பதை யாராலும் அளக்க முடியாது. யாரிடம், என்ன மாற்றம், எவ்வளவு காலத்தில் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எங்கே தொடங்குவது என்று புரியவில்லையா? பிரிட்டனில் அருங்காட்சியகங்களுக்கும் நூலகங்களுக்கும் உருவாக்கிய ஐந்து வகைப் பட்டியல் கைகொடுக்கும்: அறிவும் புரிதலும், திறன்கள், மனப்பான்மை, மகிழ்ச்சியும் படைப்பூக்கமும், நடத்தை மாற்றம். ஐந்தையும் அளக்க ஆசைப்படாதீர்கள். முதல் தடவைக்கு ஒன்று போதும்.

படி 2: வாசலைத் தாண்டிப் போங்கள்

வெளியே வருபவரை வாசலில் நிறுத்தி “எப்படி இருந்தது?” என்றால் “ரொம்ப நன்றாக இருந்தது” என்றுதான் சொல்வார். வராதவர் அந்த வாசலில் நிற்கவே மாட்டார். ஊரை அளக்க வேண்டுமென்றால் ஊரில் உள்ளவர்களைத்தான் கேட்க வேண்டும். ஃபால்க் குழு 2000-லும் 2009-லும் நகரவாசிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துத் தொலைபேசியில் பேசியது. மையத்துக்குப் போனவர், போகாதவர் இருவருமே அதில் வந்துவிடுவார்கள்.

எத்தனை பேரைக் கேட்பது? உண்மையிலேயே குலுக்கல் முறையில் எடுத்தால், 400 பேரிடம் கிடைக்கும் விடை, ஊர் முழுவதையும் கேட்டால் கிடைக்கும் விடையைவிட ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 1,000 பேர் என்றால் அது 3 ஆகும். தெரிந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படிவத்தை அனுப்பி 5,000 பதில் வாங்கினாலும் இந்தத் துல்லியம் வராது.

படி 3: ஒரு தடயத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வின் அழகே இருக்கிறது. மக்கள் அறிவியலைப் பள்ளியில், தொலைக்காட்சியில், இணையத்தில் என்று எங்கெங்கோ கற்கிறார்கள். அதில் உங்கள் மையத்தின் பங்கை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

1998-ல் அந்த மையம் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டபோது, டெஸ் என்ற ஐம்பது அடி நீளப் பெண்ணுருவம் ஒன்றை வைத்தார்கள். உடலின் உள்ளுறுப்புகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று காட்டும் காட்சி அது. அதன் மையக் கருத்து ஹோமியோஸ்டேசிஸ்: வெளியே வெயிலோ குளிரோ, ஓட்டமோ ஓய்வோ, உடல் தன் உள்நிலையைச் சீராக வைத்துக்கொள்வது. சாதாரணப் பேச்சில் அடிபடாத சொல் இது. மையம் திறப்பதற்கு முன்பு விசாரித்தபோது மிகச் சிலருக்கே இதன் பொருள் தெரிந்திருந்தது. ஆகவே பின்னாளில் நகரத்தில் இதை விளக்கத் தெரிந்தவர்கள் கூடினால், அதில் டெஸ்ஸுக்குப் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவர் ரத்தக்குழாயில் சாயம் செலுத்தி அது எங்கே போகிறது என்று பார்ப்பாரே, அதே உத்திதான். பிறகு நடந்த ஆய்வுகளில் அந்த எண்ணிக்கை கூடியே இருந்தது.

உங்கள் தடயமும் இப்படி இருக்க வேண்டும்: உங்கள் மையத்தில் அழுத்தமாகச் சொல்லப்படுவது, வெளியே எளிதில் கிடைக்காதது. “புவி வெப்பமாதல்” உதவாது. அது எல்லா இடத்திலும் காதில் விழுகிறது.

படி 4: திறப்பதற்கு முன்பே கேளுங்கள்

பலரும் தவறவிடுவது இதைத்தான். முந்தைய நிலை பதிவாகாவிட்டால், பிந்தைய எண்ணை எதனுடன் ஒப்பிடுவது? புதிய காட்சிக்கூடம் திட்டமிடும்போதே இந்தக் கணக்கெடுப்புக்கும் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

படி 5: கேள்வியைச் செதுக்குங்கள்

“ஹோமியோஸ்டேசிஸ் பற்றித் தெரியுமா?” என்று கேட்டால் பாதிப் பேர் மரியாதைக்காக “தெரியும்” என்பார்கள். “ஹோமியோஸ்டேசிஸ் என்றால் என்ன என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் மதிப்பெண் போடலாம். உதாரணத்துக்கு:

- “தெரியாது”, அல்லது தொடர்பில்லாத பதில்: 0
- “உடம்பு சம்பந்தப்பட்டது ஏதோ”: 1
- “உடம்பு ஒரே நிலையில் இருக்கப் பார்ப்பது”: 2
- “சூடு ஏறினால் வியர்த்துத் தணித்துக்கொள்வது மாதிரி, உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்வது”: 3

ஒரே பதில்களை இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிடட்டும். இருவரும் போடும் மதிப்பெண் அடிக்கடி ஒத்துப்போகாவிட்டால் உங்கள் அளவுகோலில்தான் குழப்பம். வரையறையைத் திருத்திவிட்டு மறுபடி போடுங்கள்.

படி 6: நேர்மையாக ஒப்பிடுங்கள்

போனவர்கள் 2 வாங்குகிறார்கள், போகாதவர்கள் 1 வாங்குகிறார்கள். உடனே கொண்டாட வேண்டாம். அறிவியலில் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள்தானே அதிகம் போவார்கள்? அதனால் வயது, கல்வி, வருமானம், முன்பிருந்த ஆர்வம் ஆகியவற்றையும் கேட்டு, ஒத்த நிலையில் உள்ளவர்களை ஒப்பிடுங்கள். பட்டதாரியைப் பட்டதாரியோடு, பள்ளிப் படிப்போடு நின்றவரை அதே படிப்புள்ளவரோடு. எத்தனை முறை போனார், கடைசியாக எப்போது போனார் என்றும் கேளுங்கள். அடிக்கடி போனவர்களிடம் மாற்றம் கூடுதலாகத் தெரிந்தால் உங்கள் வாதம் வலுவாகும். 13 நாடுகளில் 17 அறிவியல் மையங்களைச் சேர்த்து ஃபால்க் குழு பின்னர் நடத்திய ஆய்விலும் இந்தக் கேள்விகள் முக்கிய இடம் பெற்றன.

இவ்வளவு செய்த பிறகும் அறிக்கையில் “எங்களால்தான்” என்று எழுதாதீர்கள். “எங்கள் பங்கும் இருக்கிறது என்பதற்கு இவை சான்றுகள்” என்று எழுதுங்கள். நிதி கொடுப்பவர்கள் பெரிய வார்த்தைகளைக் கேட்டுச் சலித்தவர்கள், இந்த அடக்கத்தை நம்புவார்கள் என்பது என் கருத்து.

படி 7: போகாதவர்களின் பதிலைத் தனியாகப் படியுங்கள்

லாஸ் ஏஞ்சல்ஸ் மையத்தின் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணமே கிடையாது. அப்படியும் எல்லோரும் போய்விடவில்லை. ஆகவே “ஏன் போகவில்லை?” என்ற கேள்வியைப் படிவத்தின் கடைசி மூலையில் தள்ளாதீர்கள். பேருந்து இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் வேலை, அது படித்தவர்கள் போகும் இடம் என்று பலவிதமாகப் பதில் வரும். அவற்றைப் பகுதிவாரியாகப் பிரித்து, திறக்கும் நேரத்தையும் பள்ளிச் சுற்றுலாக்களையும் நடமாடும் கண்காட்சியையும் திட்டமிடுபவர்களின் மேசையில் வையுங்கள். அடுத்த கணக்கெடுப்பில் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பகுதிகளின் எண்களைத்தான்.