ஜன்னலோடு சண்டை போட்ட தேன்சிட்டு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் சமையலறை ஜன்னலை ஒட்டிக் கற்றாழை வைத்திருக்கிறோம். ஜூன், ஜூலைக் குளிரில் அதன் செம்மஞ்சள் பூக்குலைகளுக்குத் தேன்சிட்டுகள் வரும். இந்த ஆகஸ்டில் ஓர் ஆண் தேன்சிட்டு மட்டும் பூவை விட்டுவிட்டு ஜன்னலைக் கொத்த ஆரம்பித்தது. விடிந்ததும் டக் டக். கண்ணாடியெங்கும் எச்சமும் அலகுத் தடமும்.

தன் பிம்பத்தைப் போட்டிக்கு வந்த ஆண் என்று நினைத்துத் தாக்குகிறது. இனப்பெருக்கக் காலத்தில் இது வழக்கம். காரணம் தெரிந்தும் கொத்துவதை நிறுத்த முடியவில்லை. உள்பக்கம் பருந்து வடிவ ஸ்டிக்கர் ஒட்டினேன். அதன் பக்கத்திலேயே கொத்தியது. பழைய சிடிகளைத் தொங்கவிட்டேன். காற்று நின்றால் அவற்றை மதிப்பதில்லை. கருநீலத் திரையை இழுத்து மூடினேன், தொல்லை இரட்டிப்பானது.

வெளியே போய், அந்தப் பறவையின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தபோதுதான் விளங்கியது. உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம் என்றால் ஜன்னல் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. என் திரை அதற்கு ரசம் பூசிய மாதிரி! உள்ளே எதை ஒட்டினாலும் வெளிப்பரப்பின் பிரதிபலிப்பு போகாது.

சலவை சோப்பைக் குழைத்து வெளிப்பக்கம் முழுக்கப் பூசினேன். மறுநாளே ஜன்னலில் சத்தமில்லை, அப்பாடா என்றிருந்தது. பறவை காரின் பக்கக் கண்ணாடிக்கு மாறியது. அதற்குப் பழைய காலுறையை மாட்டினேன். மழை பெய்தால் சோப்பு கரையும், மறுபடி பூச வேண்டும். அழுக்கு ஜன்னல் மாமியாருக்குத்தான் பிடிக்கவில்லை. கூடு கட்டும் பருவம் முடிந்ததும் துடைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.