கோழி அடைப்புக்குள் செடி பிழைக்க

கோழி அடைப்புக்குள் செடி வைத்தால், தூரைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கனமான கற்களைப் பரப்பி விடுங்கள். இலையைத் தின்பதைவிட வேரைக் கிளறித்தான் கோழி செடியை அதிகம் கொல்கிறது. கனமான கல்லை அதனால் புரட்ட முடியாது, அடியில் ஈரமும் தங்கும். நம்ம திருநெல்வேலி வெயிலுக்கு அந்த ஈரம் பெரிய காரியம். சரளைக்கல் வேண்டாம், காலால் சீய்த்ததும் சிதறிவிடும்.

செடி என்றால் நொச்சியும் ஆடாதொடையும்தான் என் தேர்வு. கசப்பு என்பதால் கோழி பெரும்பாலும் வாய் வைக்காது. குச்சியை வெட்டி நட்டாலே துளிர்க்கும், காசு செலவில்லை. ஐப்பசி மழையோடு நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையும் குறையும். அப்புறம் நிழலுக்கு ஒரு முருங்கைப் போத்து ஊன்றலாம், ஆனால் ஆடிக் காற்று நேராக அடிக்கும் பக்கம் வேண்டாம், கிளை முறியும். அரளி மட்டும் எந்த மூலையிலும் கூடாது, அது விஷம்.

கரிசல் மண்ணில் இது அப்படியே சரிவராது. மழைக்காலத்தில் கல்லுக்கடியில் நீர் கோத்து வேர் அழுகும், அங்கே மேடு கட்டித்தான் நட வேண்டும். சின்ன இடத்தில் கோழிகளை நெருக்கி அடைத்திருந்தால் எந்தச் செடியும் நிற்காது.