குளிரில் மிஸ் அடிக்கும் டீசல் ஜீப்: எந்த சிலிண்டர், என்ன குறை?

ஊட்டியில் ஜனவரி விடியற்காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த நேரத்தில் என் பழைய ஜீப்பை ஸ்டார்ட் செய்தால் ஒரு சிலிண்டரில் டீசல் பற்றாமல் மிஸ் அடிக்கும், வண்டியே உதறும், வெள்ளைப் புகை தள்ளும். மூன்று நிமிடத்தில் சரியாகிவிடும். மத்தியானம் பட்டறைக்குக் கொண்டுபோனேன். சூடான எஞ்சினில் குறை எங்கே தெரியும்? சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நான்கு நாசிலையும் மாற்றிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை அதே உதறல்.

அதனால் இரவு முழுக்க நின்ற எஞ்சினில்தான் தேட வேண்டும். ஒரு காலைக்கு ஒரு வாய்ப்புதான்.

முதலில் புகையைப் பாருங்கள். வெள்ளையாக வந்து, டீசல் வாடையோடு கண் எரிந்தால் அது எரியாத டீசல். நீலமென்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டை, அதாவது எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகட்டை, சந்தேகப்படுங்கள். டீசல் உறைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அது லடாக் மாதிரி இடத்துப் பிரச்சினை. அங்கே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது.

அடுத்து, வேலை செய்யாத சிலிண்டரைப் பிடிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதுமே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (புகை வெளியேறும் குழாய்) ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் டெம்பரேச்சர் கன் வைத்துப் பாருங்கள், வேலை செய்யாதது குளிர்ந்திருக்கும். அது இல்லையா? ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எனக்கு மூன்று இடத்தில் துளி காய்ந்துவிட்டது, மூன்றாவது சிலிண்டரில் மட்டும் அப்படியே பளபளவென்று நின்றது. நாசில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இப்போது ஹீட்டர் பிளக். எம்எம் 540 ஜீப்பில் வந்த பெஜோ எஞ்சின் போன்றவற்றில் டீசல் நேராக பிஸ்டன்மேல் விழாது, ஹெட்டில் உள்ள சின்ன அறைக்குள் பீச்சும். அந்த அறையின் சுவர் குளிர்ந்திருந்தால் பற்றாது. அதனால் அந்த அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் இந்த வகை எஞ்சினுக்கு உயிர். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் முனைக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஓம் பக்கத்தில் காட்டும். என்னுடைய மூன்றாவது பிளக்கில் மீட்டர் அசையவே இல்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது. இந்தச் சோதனையை எஞ்சின் சூடாக இருக்கும்போதும் செய்யலாம். எல்லாம் நன்றாக இருந்தால் பட்டையை மாட்டி, சாவியைத் திருப்பி, அதில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலேயோ ஃபியூஸோ போயிருக்கும்.

பிளக்கும் கரண்டும் சரியென்றால், குறையுள்ள சிலிண்டரின் நாசிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள், புது வாஷர் போட்டு. குறையும் கூடவே நகர்ந்தால் நாசில்தான். அங்கேயே நின்றால் வால்வு கிளியரன்ஸை (வால்வு இடைவெளி), அப்புறம் கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் காற்று அழுத்தம்) பாருங்கள்.

டீசல் பைப்பில் ஏர் பிடித்தாலும் உதறும், ஆனால் ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடிக்காது, எல்லாம் தடுமாறும். ஓர் இரவு வண்டியின் மூக்கு மேடு பார்க்க நிறுத்துங்கள், மறு இரவு பள்ளம் பார்க்க. மேடு பார்த்தபோது மட்டும் தொல்லை கொடுத்தால் டீசல் டேங்குக்கே திரும்பி வடிகிறது. ஃபில்டர் ஓ ரிங்கையும் ரப்பர் பைப்புகளையும் பாருங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஹீட்டர் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது. உள்ளே வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும்.

பிளக் வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து அதையே வாங்குங்கள். கழற்றுவதற்கு முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு, எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது மெதுவாகத் திருகுங்கள். இறுகினால் நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் விடுங்கள். முனை உடைந்து உள்ளே விழுந்தால் ஹெட்டையே இறக்க வேண்டிவரும்.