பனாமாவில் ஆங்கிலத்தை வைத்து வேலை தேடுவது எப்படி

போன மாதம் சிங்கப்பூர் தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் கேட்டாள்: "மாமா, எனக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆங்கிலத்தை மட்டும் வைத்து அங்கே வேலை கிடைக்குமா?" அவள் கணவருக்குப் பனாமா சிட்டிக்கு மாற்றல் வந்திருக்கிறது. நான் 2017 முதல் 2021 வரை அங்கே வேலை பார்த்தவன். கிடைக்கும் என்றேன். ஆனால் கடையில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. வீட்டுக்கு வந்து அவளுக்கு எழுதியதைத்தான் உங்களுக்கும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஆங்கிலம் தெரியும் என்பது மட்டும் அங்கே யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காது. கால்வாய் வெட்ட வந்த கரீபியத் தீவுக்காரர்களின் பேரப்பிள்ளைகள் கோலோன், போகாஸ் தெல் தோரோ பக்கம் இன்றும் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்கள். கால்வாய் 1999 டிசம்பர் 31 அன்றுதான் அமெரிக்கர் கையிலிருந்து பனாமாவுக்கு வந்தது. ஆக, இரண்டு மொழியும் நன்றாகப் பேசுகிறவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். உங்களைத் தேடுகிற முதலாளி, உங்கள் ஆங்கிலத்தோடு சேர்ந்து வருகிற தொழிலைத்தான் தேடுகிறார். எந்த அலுவலகத்துக்கு வெளிநாட்டிலிருந்து நாள் முழுக்க ஃபோன் வருகிறது, அந்த ஃபோனை எடுக்கிற மேசை எது என்று பாருங்கள். உங்களுக்கான வேலை அந்த மேசையில் இருக்கும்.

நான் தஞ்சோங் பகார் பக்கம் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் 11 ஆண்டு ஆவணப் பிரிவில் இருந்தேன். பனாமாவில் எனக்கு வேலை வாங்கித் தந்தது அந்த 11 ஆண்டுதான். பல்போவா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஏஜென்சி. நேர்காணலுக்குப் போனதும் மேலாளர் அம்மா சுயவிவரத்தைக் கையில்கூட எடுக்கவில்லை. ஒரு பில் ஆஃப் லேடிங்கையும் (சரக்கை ஏற்றியதற்கான ரசீது) அதற்கான மேனிஃபெஸ்ட்டையும் (கப்பலின் சரக்குப் பட்டியல்) மேசையில் வைத்துத் தள்ளினார். எடை சரி. முத்திரை எண் சரி. கன்டெய்னர் எண்ணை இரண்டாவது தடவை விரல் வைத்துப் படித்தேன். ஒன்றில் 47, இன்னொன்றில் 74. அந்த இடத்தைச் சுட்டிக் காட்டினேன். அதற்கு அவர் கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரி வேலை பார்ப்பீர்களா?"

இரவு வேலைக்குக் காரணம் உண்டு. பனாமாவுக்கும் சிங்கப்பூருக்கும் 13 மணி நேர இடைவெளி. அங்கே இரவு 8 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 9. கப்பல் எரிபொருள் வியாபாரத்தில் இரண்டு ஊருமே பெரிய ஊர்கள். அங்கே எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் இங்கே கணினியைத் திறக்கிறார்கள். ஆசியாவோடு பேச இரவில் ஓர் ஆள் இருந்தால் ஒரு நாள் மிச்சம் என்பதால், அந்த நேரத்துக்கு ஆள் தேடும் அலுவலகங்கள் கப்பல் துறைக்கு வெளியேயும் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்த்தவர் என்பதே உங்களுக்கு ஒரு கூடுதல் தகுதி. அதைச் சுயவிவரத்தின் மேல் வரியிலேயே எழுதுங்கள்.

கப்பல் தொழில் தெரியாதவர்கள் எங்கே தேடலாம்? பெரிய நிறுவனங்களின் வட்டாரத் தலைமையகங்கள் நிறைய இருக்கின்றன. 2007ல் வந்த 41ஆம் எண் சட்டம் அவற்றுக்குத் தனிச் சலுகையும் வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தனி விசாவும் தருகிறது. கோஸ்தா தெல் எஸ்தே பகுதியில் நடந்தாலே பலகைகளைப் பார்க்கலாம். பழைய அமெரிக்கப் படைமுகாம் இருந்த கிளேட்டனில் 'அறிவு நகரம்' என்ற வளாகம் இருக்கிறது. அனைத்துலக அமைப்புகள், தொழில்நுட்ப நிறுவனங்கள், பள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில். கோலோன் சுதந்திர வணிக வட்டாரம் 1948ல் தொடங்கியது. அங்கே இந்திய வணிகக் குடும்பங்கள் தலைமுறையாக மொத்த வியாபாரம் செய்கின்றன. அங்கே போய் விசாரிக்க எனக்கு ஆங்கிலமே போதுமாக இருந்தது. ஆனால் பனாமா சிட்டியிலிருந்து தினமும் போய்வருவது களைப்பான வேலை. அதையும் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

வேலை விளம்பரங்களுக்கு லிங்க்டின் போதும். கூடவே அந்த ஊர்த் தளமான கொன்செர்த்தாவையும் பாருங்கள். சுயவிவரத்தை அங்கே 'ஓஹா தே வீதா' என்பார்கள். ஒரே பக்கம், ஸ்பானிஷில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஸ்பானிஷ் பிரதியைத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

இனி விசா. இதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள். குடியிருப்பு அட்டை வேறு, வேலை அனுமதி வேறு. முதலாவதைத் தருவது குடிநுழைவுத் துறை, இரண்டாவதைத் தருவது தொழிலாளர் அமைச்சு. ஒன்று கையில் இருப்பதால் இன்னொன்று தானாக வராது. துணைவராகப் போகிறவர்கள் இதைக் கணவர் அல்லது மனைவியின் நிறுவன வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'நட்பு நாடுகள்' விசாப் பட்டியலில் சிங்கப்பூர் இருக்கிறது. நான் போனது அதில்தான். 2021ல் விதி இறுகிவிட்டது: அங்குள்ள நிறுவனத்தின் வேலை வேண்டும், அல்லது 200,000 அமெரிக்க டாலர் முதலீடு வேண்டும். முதல் 2 ஆண்டு தற்காலிகம், பிறகுதான் நிரந்தரம். விண்ணப்பத்தை நீங்களே கொடுக்க முடியாது. பனாமா வழக்கறிஞர் வழியாகத்தான் போக வேண்டும்.

அப்புறம், ஒரு நிறுவனத்தில் சாதாரண வேலைகளில் வெளிநாட்டவர் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, நிபுணர்கள் என்றால் 15 விழுக்காடு என்று ஒரு வரம்பு உண்டு. நேர்காணலிலேயே "உங்களிடம் வெளிநாட்டவருக்கு இடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வழக்கறிஞர், மருத்துவர், கணக்காளர் போன்ற பல தொழில்கள் பனாமா குடிமக்களுக்கே ஒதுக்கப்பட்டவை. இங்கே கணக்காளராக இருந்தவர் அங்கே அதே பெயரில் வேலை தேடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

காகிதங்களை சிங்கப்பூரிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பட்டம். நான் போனபோது ஒவ்வொன்றுக்கும் தூதரக முத்திரைக்கு அலைந்தேன். 2021 செப்டம்பர் 16 முதல் சிங்கப்பூரில் அப்போஸ்டில் முறை, அதாவது தூதரகத்துக்கு அலையாமல் ஒரே முத்திரையில் முடிகிற முறை, வந்துவிட்டது. சிங்கப்பூர் சட்டக் கழகம் வைத்துத் தருகிறது. பனாமா அதை ஏற்கும். அரசாங்கம் தராத காகிதங்களுக்கு முதலில் நோட்டரி கையெழுத்து வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் இங்கே செய்யாதீர்கள். பனாமாவில் உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ததைத்தான் அங்கே ஏற்பார்கள்.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலையைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. போன புதிதில், வேலை அனுமதி வருமுன்னே, ஒரு மொழிப் பயிற்சி நிலையத்தில் மணிக் கூலிக்குப் பாடம் எடுத்தேன். இரண்டு மாதம் சரியாகக் கொடுத்தார்கள். மூன்றாவது மாதச் சம்பளம் வரவே இல்லை. புகார் செய்ய எனக்கு வழியில்லை, ஏனென்றால் நானே அனுமதி இல்லாமல் வேலை பார்த்தவன். அந்தப் பணத்தை நம்பி வாடகை சொல்லியிருந்தேன். மனைவி வளையலை விற்றுத்தான் அந்த மாதம் ஓடியது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வேலை ஒப்பந்தம் மூன்று பிரதி இருக்க வேண்டும்: முதலாளிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, தொழிலாளர் அமைச்சுக்கு ஒன்று. உங்கள் பிரதி கைக்கு வருமுன் வகுப்பறைக்குள் போகாதீர்கள். முறையாகப் போகிறவர்களுக்கு ஆசிரியர் வேலை நல்ல வேலைதான். "நீங்கள் பிறப்பிலேயே ஆங்கிலம் பேசுபவரா?" என்று நம் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். நான் ஓ லெவல் (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழை எடுத்து வைப்பேன். அதில் 'சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ்' என்று அச்சடித்திருக்கும். கேம்பிரிட்ஜ் என்ற பெயர் அங்கே எல்லோருக்கும் தெரியும். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

ஸ்பானிஷ் வேண்டாமா என்றால், வேண்டும். ஆங்கில வேலைக்குப் போகிற வழி முழுக்க ஸ்பானிஷ்தான்: காவலாளி, வரவேற்பு மேசை, வங்கி. எங்கே நுழைந்தாலும் பொதுவாக "புவேனாஸ்" என்று வணக்கமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நுழையுங்கள். சொல்லாமல் நேரே கேள்வி கேட்டால் அங்கே மரியாதைக் குறைவு. எண்கள், கிழமைகள், "மெதுவாகச் சொல்லுங்கள்" இவை மட்டுமாவது விமானம் ஏறுமுன் நாக்கில் இருக்கட்டும்.

சம்பளம் பேசும்போது 'தெசிமோ' பற்றிக் கேளுங்கள். அது 13ஆவது மாதச் சம்பளம். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று மூன்றாகப் பிரித்துத் தருவது சட்டம். பணம் அமெரிக்க டாலரில் வருவதால் மாற்று விகிதத் தலைவலி குறைவு. சிங்கப்பூரில் நம் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியில் மட்டும் அந்த நான்கு ஆண்டும் முதலாளி பங்கு எனக்கு விழவில்லை. அதை ஈடுகட்ட மாதம் ஒரு தொகையை நானே ஒதுக்கினேன்.

அக்கா மகள் இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் காப்புறுதிக் கோரிக்கைகளைப் பார்ப்பவள். பனாமாவில் ஓய்வுபெற்ற அமெரிக்கர்கள் நிறையப் பேர் குடியேறியிருக்கிறார்கள். அவர்களின் காப்புறுதி நிறுவனங்களோடு பேச அங்குள்ள தனியார் மருத்துவமனைகளுக்கு ஆள் தேவைப்படும். அவளை முதலில் அந்த மருத்துவமனைகளின் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவுக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். போலீஸ் சான்றிதழுக்கு நேற்று விண்ணப்பித்துவிட்டாள். சுயவிவரத்தின் ஸ்பானிஷ் பிரதியை என் பழைய மேலாளர் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் திருத்தி அனுப்பியதும் அடுத்த வாரம் நான்கு இடங்களுக்குப் போகும்.