எடை குறைக்க கொள்ளு சூப்: முதல்முறை வைப்பவர்களுக்கு

“கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு” என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதை நம்பி, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் கொள்ளுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு நான்கு பூரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஒரு மாதம். எடை இம்மியும் அசையவில்லை.

எந்த சூப்பும் கொழுப்பைக் கரைக்காது. வயிற்றை நிரப்பும், அதனால் பின்னால் வரும் சாப்பாடு குறையும். அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். மதிய உணவுக்கு முன் சூப் குடித்தவர்கள், சூப்பின் கலோரியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், சுமார் 20 சதவீதம் குறைவாகவே சாப்பிட்டிருந்தார்கள். ஆக, சூப்பில் என்ன போடுகிறோம் என்பதோடு, எப்போது குடிக்கிறோம், அதற்குப் பிறகு தட்டில் என்ன வைக்கிறோம் என்பதும் முக்கியம்.

சரி, அடுப்படிக்குப் போவோம். கொள்ளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், 100 கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிறது. வெறும் காய்கறித் தண்ணீர் குடித்தால் ஒரு மணி நேரத்தில் பசிக்கும். கொள்ளு அப்படி விடாது.

இரண்டு பேருக்குத் தேவையானவை

கொள்ளு 50 கிராம் (ஒரு பெரிய கைப்பிடி), சின்ன வெங்காயம் 8, பூண்டு 5 பல், தக்காளி 1, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை, மல்லித்தழை.

முதல் நாள் இரவு

கொள்ளில் கல் இருக்கும். அதுவும் கொள்ளின் நிறத்திலேயே, கொள்ளின் அளவிலேயே இருக்கும். தட்டில் பரப்பி ஒருமுறை பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கல் அரித்துவிடுங்கள். அரிக்கத் தெரியாதா? ஒரு பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, மேலாக வரும் கொள்ளை மட்டும் இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். கல் அடியில் தங்கிவிடும். பிறகு எட்டு மணி நேரம் ஊறட்டும். வாயுத் தொல்லை உள்ளவர்கள் ஊறிய தண்ணீரைக் கண்டிப்பாகக் கொட்டிவிடவும்.

மறுநாள்

1. ஊறிய கொள்ளை மூன்று டம்ளர் புதுத் தண்ணீரும் மஞ்சள் தூளும் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். ஆறு விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் இரண்டு விசில். தக்காளியை இப்போதே போட்டுவிடாதீர்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு வகை எதுவும் லேசில் வேகாது.

2. வெந்ததில் பாதியை மத்தால் நன்றாகக் கடையுங்கள். சூப்புக்குக் கெட்டித்தன்மை இதிலிருந்துதான் வரப்போகிறது. மிக்ஸியில்தான் அரைப்பேன் என்றால் முழுக்க ஆறிய பிறகு. நான் சூடாகப் போட்டு ஓட்டி, மூடி பறந்து, சுவரெல்லாம் கொள்ளு. அன்றைக்கு சூப்பும் இல்லை.

3. மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். மைய அரைத்தால் ரசப்பொடி வாடைதான் வரும்.

4. வாணலியில் அந்த ஒரே தேக்கரண்டி எண்ணெய். நறுக்கிய வெங்காயத்தை வதக்குங்கள். அடி பிடித்தால் இன்னும் எண்ணெய் ஊற்றத்தான் கை போகும். வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி; மூன்று முறை சாய்த்தால் கணக்கு போய்விடும்.

5. இடித்ததைப் போட்டு வாசம் வந்ததும் தக்காளி, உப்பு. தக்காளி குழைந்த பிறகு கடைந்த கொள்ளு, முழுக் கொள்ளு, வேகவைத்த தண்ணீர் எல்லாவற்றையும் ஊற்றுங்கள். ரசம் மாதிரி நுரை கட்டியதும் இறக்கிவிடக் கூடாது. ஐந்து நிமிடம் கொதிக்க வேண்டும். இறக்கி, கறிவேப்பிலையும் மல்லியும் தூவுங்கள்.

ஒருவர் பங்குக்கு ஏறக்குறைய 125 கலோரி வரும். இதை வடிகட்டித் தெளிவாகக் குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நார்ச்சத்தையும் புரதத்தையும் சக்கையில் விட்டுவிட்டு எதைக் குடிக்கிறார்கள் என்று புரியவில்லை.

ஓட்டலில் வரும் சூப் கெட்டியாக இருப்பது பெரும்பாலும் சோளமாவால். அதன் மேல் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் மிதந்தால் அதுவே 100 கலோரி. கூடவே எண்ணெயில் பொரித்த பிரெட் துண்டுகள் வேறு. பாக்கெட் சூப் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தில் சோடியம் எவ்வளவு என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

எப்போது குடிப்பது?

இரவுச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்பு, பெரிய கிண்ணத்தில், கரண்டியால் மெதுவாக. அப்புறம் வழக்கமாகச் சாப்பிடும் இட்லியிலோ சப்பாத்தியிலோ பாதி. சூப் மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். முதல் வாரம் அப்படி நிறுத்தி, பத்தரை மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடினவன் சொல்கிறேன்.

தினமும் கொள்ளு என்றால் சலித்துவிடும். கொள்ளு சூடு என்பார்கள் வேறு, கோடையில் பல வீடுகளில் தொடுவதில்லை. அந்த நாட்களில் இதே வெங்காயம், பூண்டு, மிளகு வதக்கலில் வேறு இரண்டு வைக்கலாம். முருங்கைக்கீரை என்றால் இரண்டு கைப்பிடி உருவி, தண்ணீர் கொதிக்கும்போது போட்டு ஐந்தாறு நிமிடம், மூடாமல். வாழைத்தண்டு என்றால் வட்டமாக நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் போட்டுவைத்து, பிறகு வேகவிடுங்கள். இரண்டிலும் புரதம் குறைவு, ஆகவே பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி வேகவைத்துச் சேர்ப்பது நல்லது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தினசரி கீரை சூப்பில் இறங்க வேண்டாம். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும்.

வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை கொள்ளை மட்டும் வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மாலையில் வதக்கிக் கொதிக்கவிடப் பதினைந்து நிமிடம் போதும். மூன்றாம் நாளும் ஒரு கைப்பிடி மிஞ்சினால் வரமிளகாய், பூண்டு, துளி புளியோடு துவையல் அரைத்துவிடுங்கள். தேங்காயை மட்டும் பார்த்துப் போடவும்.