மறைத்த அணுகுண்டுகள்: படைவலிமை இரகசியம் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்க அரசு ஆறு அணுகுண்டுகளைச் செய்து முடித்து, பின்னர் அவற்றைத் தானே பிரித்து அழித்துவிட்டது என்பதை அதிபர் டி கிளெர்க் 1993 மார்ச் 24 அன்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். டர்பனில் நம்மவர் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு எழுந்தால், யாருக்கும் தெரியாத குண்டு யாரை அச்சுறுத்தும் என்று ஒருவராவது கேட்பார். கேள்வி நியாயமானதே. ஆனால் மறைப்பது, சொல்வது என்று இரண்டே வழிகள்தாம் உண்டு என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. முதல் தவறு அதுவே.

தென்னாப்பிரிக்கத் தலைநகர் பிரிட்டோரியாவில் இருந்த அரசின் திட்டம் மூன்று படிகளைக் கொண்டிருந்தது. முதலில் உண்டு என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இருப்பது. அங்கோலாப் பக்கமிருந்து சோவியத், கியூபப் படைகளின் நெருக்கடி முற்றினால் அமெரிக்கா போன்ற மேலை நாடுகளிடம் இரகசியமாகத் தெரிவிப்பது. அதற்கும் பலன் இல்லையென்றால் வெளிப்படையாக அறிவிப்பது அல்லது வெடித்துக் காட்டுவது. எதிரியை மிரட்டுவதைக் காட்டிலும் வாஷிங்டனைத் துணைக்கு இழுப்பதே நோக்கமாக இருந்ததால், யாரிடம் சொல்வது என்பதுதான் அங்கே பெரிய கேள்வி.

எல்லா வலிமைகளையும் ஒரே தராசில் நிறுப்பது அடுத்த தவறு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் எனிக்மா இரகசியக் குறியீட்டை பிரிட்டன் படித்துக்கொண்டிருந்தது. அது கசிந்திருந்தால் அவர்கள் உடனே முறையை மாற்றியிருப்பார்கள். ஆகவே, தெரிந்துகொண்டால் எதிரி அஞ்சுவானா, அல்லது மாற்று வழி தேடுவானா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

எப்போது வெளிப்படுத்துவது என்பது அரசின் கையில்தான் இருக்கிறது என்று நம்புவதும் பிழை. கலஹாரிப் பாலைவனத்தின் வாஸ்ட்ராப் சோதனைக்களத்தை 1977இல் சோவியத் செயற்கைக்கோள் கண்டுபிடித்தது. மாஸ்கோ வாஷிங்டனுக்குச் சொல்ல, வல்லரசுகளின் அழுத்தத்தால் சோதனை கைவிடப்பட்டது. (மறைவு அதிகமில்லாத அந்த வெளியில் எதைத்தான் ஒளித்துவைப்பது?)

அந்நியருக்கு மறைப்பதும் சொந்த மக்களுக்கு மறைப்பதும் ஒன்றே எனக் கொள்வது, என் பார்வையில், மிகப் பெரிய தவறு. 1984 முதல் இந்தியர்க்கென நாடாளுமன்றத்தில் ஓர் அவை இருந்தும், அதற்கென ஒதுக்கப்பட்டவை பள்ளி, வீட்டுவசதி போன்றவையே. கறுப்பின மக்களுக்கோ வாக்குரிமையே இல்லை. அணுகுண்டு விவகாரமோ அமைச்சர்களுள்ளும் மிகச் சிலரோடு நின்றது. டர்பனில் இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதித் தொழிலாளியின் வரிப்பணமும் அதில் சேர்ந்திருந்தது.

கடைசியாக, காலம் தாழ்த்திச் சொல்வது. 1991 ஜூலையில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது, முன்பு குண்டுகள் இருந்ததை அரசு சொல்லவில்லை. ஏறத்தாழ இருபது மாதங்கள் கழித்து உண்மை வெளிவந்தபோது, பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வாளர்களுக்குக் கதவுகள் திறக்கப்பட்டன. ஆனால் குண்டு வடிவமைப்பு ஆவணங்கள் அதற்குள் அழிக்கப்பட்டிருந்தன.