போடிமெட்டு ஏறும் முன்: டூயல் ஸ்போர்ட்டா, எண்டூரோவா?

மண் பாதை ஓட்டப் பழக வண்டி வாங்கப் போகிறீர்களா? ஷோரூமுக்குப் போகும் முன், இப்போது கையில் இருக்கும் பைக்கிலேயே ஒருமுறை உங்கள் பாதையைப் போய்ப் பார்த்து வாருங்கள். வீட்டிலிருந்து தார் முடியும் இடம் வரை எத்தனை கிலோமீட்டர் என்று மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வண்டி என்பதைப் பாதி முடிவு செய்வது இந்த ஓர் எண்தான்.

தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் ரோட்டைத் தொட ஒரு வழிக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் தார் ரோடு. நடுவில் கொண்டை ஊசி வளைவுகள், தமிழக-கேரள எல்லை, செக்போஸ்ட். நம் பகுதியில் மண் ஓட்டுவதென்றால் பாதி நாள் தாரில்தான் போகும்.

படி 1: பெயரை விட்டு ஆர்.சி. புக்கைப் பாருங்கள்

டூயல் ஸ்போர்ட் என்பது நம்பர் பிளேட், ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் உள்ள, தாரிலும் மண்ணிலும் ஓடும் வண்டி. ஹீரோ எக்ஸ்பல்ஸ், கவாஸாகி கே.எல்.எக்ஸ் 230 இந்த வகை. அசல் எண்டூரோ என்பது போட்டிக்காகச் செய்த வண்டி. கே.டி.எம் 350 இ.எக்ஸ்.சி-எஃப் பெட்ரோல் இல்லாமல் ஏறக்குறைய 104 கிலோதான். ஆனால் நம் நாட்டில் அதற்குப் பதிவு கிடையாது. பதிவு இல்லாத வண்டியைப் பொது ரோட்டில் ஓட்ட 1988 மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருவதில்லை. பிக்கப்பில் ஏற்றிக் கட்டித்தான் மலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த வாடகை.

பெயரை நம்பி ஏமாற வேண்டாம். கே.டி.எம் 390 எண்டூரோ ஆர் பெயரில்தான் எண்டூரோ. நம்பர் பிளேட்டோடு ரோட்டில் ஓடுகிற 399 சிசி வண்டி அது.

பராமரிப்பையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டூயல் ஸ்போர்ட்டுக்கு சர்வீஸ் கிலோமீட்டர் கணக்கு. போட்டி எண்டூரோவுக்கு மணிக் கணக்கு: பதினைந்து மணி நேரம் ஓடினாலே ஆயில், ஃபில்டர் பார்க்க வேண்டியிருக்கும். இஞ்சினில் இருப்பதே ஒரு லிட்டரைச் சற்றுத் தாண்டிய ஆயில். அது சீக்கிரம் சூடேறி, சீக்கிரம் கெடும்.

முதல் வண்டியாக எண்டூரோ வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. தோட்டமோ தனி மைதானமோ சொந்தமாக இருந்து, தாரையே தொடத் தேவையில்லாதவருக்கு மட்டும் அது சரி.

படி 2: கால் எட்டுகிறதா, தூக்க முடிகிறதா

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 சீட் உயரம் 825 மில்லிமீட்டர். எடை 196 கிலோ. கே.எல்.எக்ஸ் 230 சீட் 880, எடை 139. தாழ்ந்த சீட் நல்லது என்று புதியவருக்குத் தோன்றும். ஆனால் சரிவில் கீழே விழுந்தால் கை பிடிப்பது சீட்டை அல்ல, எடையை. இரண்டு கால் நுனியும் தரையில் படுகிறதென்றால் உயரம் போதும்; எடையில்தான் கறாராக இருங்கள்.

ஷோரூமில் கேட்கக் கூச்சமாக இருந்தால் நண்பரின் வண்டியைப் புல் தரையில் படுக்கப் போட்டுத் தூக்கிப் பாருங்கள். இஞ்சினை அணைத்து, கியரில் விடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இறக்குங்கள். இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாயும். வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை சீட் விளிம்பில் பதித்து, ஒரு கையால் தரைப்பக்க ஹாண்டில்பாரையும் மறு கையால் பின்பக்கச் சட்டத்தையும் பிடித்து, முதுகை வளைக்காமல் காலால் தள்ளி நடங்கள். அடுத்தடுத்து மூன்று முறை தூக்க முடியவில்லையென்றால் அந்த எடை உங்களுக்கு இல்லை. ஈர மண்ணில் ஒரு நாளில் மூன்று முறை விழுவது புதியவருக்குச் சாதாரணம்.

பெட்ரோலையும் பாருங்கள். கே.எல்.எக்ஸ் டேங்க் 7.6 லிட்டர், எக்ஸ்பல்ஸ் 200 4வி டேங்க் 13 லிட்டர். சிறிய டேங்க் வண்டியென்றால் மலை ஏறும் முன் அடிவாரத்தில் நிரப்பிவிடுங்கள்.

படி 3: வாங்கிய பின் ஷாக் அப்சார்பரை உங்கள் எடைக்கு வையுங்கள்

பலரும் விட்டுவிடுகிற வேலை இது. அளக்கும் டேப் ஒன்று போதும். பின் சக்கரம் தரையில் படாதபடி வண்டியை உயர்த்தி, அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒட்டிய ஒரு ஸ்டிக்கர் அடையாளம் வரை அளவெடுங்கள். பிறகு ஹெல்மெட், பூட்ஸ், பை எல்லாம் மாட்டி ஏறி உட்காருங்கள். இன்னொருவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தை அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஷாக் மொத்தமாக இறங்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும். பின்பக்கம் 170 மில்லிமீட்டர் இறங்கும் எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் அது 55 முதல் 60. அதற்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்குங்கள். அதிகம் இறங்கிய வண்டி கல்லில் அடி தட்டும். இறங்காத வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளி, பின் சக்கரம் பிடிப்பை விடும்.

படி 4: டயரும் காற்றும்

தேனிப் பக்கம் கல்லும் சீமைக்கருவேல முள்ளும். இடுக்கிப் பக்கம் மழைக்காலச் செம்மண் சேறு. ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பீர்கள். கம்பெனி டயர் சேற்றில் இரண்டு சுற்றிலேயே பள்ளம் அடைத்து, வழவழவென்று ஆகிவிடும். மண்ணில் அதிகம் ஓட்டப் போகிறவர் பட்டன் டயர் (பெரிய கட்டைகள் உள்ள மண் டயர்) போடலாம். ஆனால் ஈரத் தாரில், அதுவும் கொண்டை ஊசியில், அதன் பிடிப்பு குறைவு. இறக்கத்தில் நிதானமாக வாருங்கள்.

தாரில் கம்பெனி சொன்ன காற்று. தார் முடிந்ததும் முன்னால் 18, பின்னால் 20 பி.எஸ்.ஐ அளவுக்கு இறக்குங்கள். டியூப் டயரில் 15-க்குக் கீழே போகவே வேண்டாம்: கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை விழும், அல்லது டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றி வால்வையே பிய்த்துவிடும். இரண்டுக்கும் பஞ்சர் ஒட்டி மீள்வது கடினம், டியூப் மாற்ற வேண்டும். முன் சக்கரத்து 21 அங்குல டியூப் ஒன்று, டயர் லிவர் இரண்டு, கைப் பம்பு ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். அவசரத்துக்கு 21 அங்குல டியூபைப் பின் சக்கரத்திலும் போட்டு வீடு வந்து சேரலாம்.

ஏற்றத்தில் முதல் கியரிலும் கிளட்சைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறீர்களா? முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்துப் பாருங்கள். 14-ஐ 13 ஆக்கினால் வேகம் 7 சதவீதம் குறைந்து, இழுவை கூடும். கிளட்ச் கருகிய வாசனை வந்தால் நிறுத்தி, ஆற விட்ட பிறகே ஏறுங்கள்.

படி 5: எங்கே ஓட்டலாம்

ஏலத் தோட்டத்துப் பாதைகள் தனியார் சொத்து. சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். ஏலக்காய்ச் சரம் செடியின் அடியில் தரையோடு படர்ந்து கிடக்கும். ஒரு டயர் ஏறினால் அந்தச் செடியின் காய் போனது.

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். நடந்து போனாலும் அப்படித்தான். 2018 மார்ச்சில் குரங்கணி மலைக் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் உயிரிழந்ததை நம் ஊர் மறக்கவில்லை. கோடையில் சூடான சைலன்சரோடு வண்டியைக் காய்ந்த புல்லில் நிறுத்தாதீர்கள். வெறும் மண்ணிலோ பாறையிலோ நிறுத்துங்கள்.

படி 6: ஓடையில் வண்டி நின்றுவிட்டால்

சக்கரத்தின் அச்சு உயரத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் முதல் சில மாதங்கள் இறங்கவே வேண்டாம். வண்டி விழுந்து இஞ்சின் தண்ணீர் குடித்துவிட்டால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதை முட்டிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியைக் கரைக்குத் தள்ளுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பிழியுங்கள், பெட்டியைத் துடையுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் வயரை ஓரமாக வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டரைச் சில நொடி விட்டு விட்டு அழுத்துங்கள். பிளக் ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சி வரும். அது நின்ற பிறகு பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள். ஆயில் பார்க்கும் கண்ணாடியில் டீ நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஸ்டார்ட் செய்யாமல் பிக்கப்பை வரச் சொல்லுங்கள்.